விண்வெளி விடுதியில் இரண்டு இரவுகள்

வழிச்செல்வோர் தங்குவதற்கென்று நம் முன்னோர் சத்திரங்களும் சாவடிகளும் கட்டி வைத்தார்கள். தலைக்குமேல் கூரை, குடிக்க நீர், கால் நீட்ட இடம் ஆகிய மூன்றும் இருந்தால் வந்தவன் மனம் நிறைந்தது. வீட்டுத் திண்ணையும் அந்தத் தொண்டையே செய்தது. பிறகு விடுதிகள் தோன்றின. கட்டிலும் மின்விசிறியும் வந்தன. இன்றோ உலகில் புதுவகை விடுதி ஒன்று முளைத்திருக்கிறது. அங்கே போகிறவன் உறங்குவதற்காகப் போவதில்லை. தான் வேறொருவனாக மாறி, வேறோர் உலகத்தில் வாழ்வதாகக் கனவு காணப் போகிறான். விழித்துக்கொண்டே காணும் கனவு அது. அதற்குக் கட்டணமும் உண்டு.

அத்தகைய விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வாய்ப்பு என்பதைவிடக் கடமை என்பதே பொருந்தும். என்னை அனுப்பியவர் என் சித்தப்பா.

எங்கள் ஊர் புரோத்ராபூர். தெற்கு அந்தமானில் போர்ட் பிளேரை அடுத்துள்ள ஊர் அது. அந்தப் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. எங்கள் பாட்டிமார் வாயில் இன்னும் பழைய பெயரே வருகிறது. எங்கள் தெருவில் தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உண்டு. ஒருவரோடொருவர் பேசுவது தீவு இந்தி. எந்த இலக்கணப் புத்தகத்திலும் அடங்காத அந்த இந்தியைக் கொண்டே நாங்கள் சண்டையும் போடுகிறோம், சம்பந்தமும் பேசுகிறோம்.

சித்தப்பா அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வின்போது கிடைத்த தொகையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அந்நேரம் பார்த்து அவர் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வரிசை வரிசையாக வெள்ளைக் கூடுகள். உள்ளே நீல விளக்கு. விண்கலத்தில் படுத்திருப்பதுபோல் மனிதர்கள். எங்கள் தீவுக்கும் சென்னைக்கும் இடையே கடலடியில் கண்ணாடி இழைக் கம்பி இணைப்புத் தொடங்கியது 2020 ஆகஸ்டு 10ஆம் நாள்தான். அதற்கு முன் இப்படி ஒரு படம் திறப்பதற்குள் ஒரு குவளைத் தேநீர் ஆறிப்போகும். இப்போது நொடியில் திறந்துவிடுகிறது. ஆசையும் நொடியில் பிறந்துவிடுகிறது.

“கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கூடுகள் வைக்கலாம். விண்வெளி விடுதி என்று பெயர் வைப்போம். நீ கருத்தரங்குக்கு மும்பை போகிறாய் அல்லவா? அங்கே இப்படி ஒன்றில் தங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல். செலவு என்னுடையது” என்றார்.

அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். “செல்லுலர் ஜெயிலில் அறை இதைவிடப் பெரிது” என்று மட்டும் சொல்லிவிட்டு இடிப்பதைத் தொடர்ந்தார். சித்தப்பாவின் முகம் சுருங்கியது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. அதில் ஒரு ரூபாய் வீணாவதையும் நான் விரும்பவில்லை. அவருடைய ஆசையைப் பார்க்காமலே பழிக்கவும் விரும்பவில்லை. ஆகவே புறப்படுமுன் இத்தகைய விடுதிகளைப்பற்றி இயன்றவரை படித்தேன்.

விண்வெளியில் விடுதி என்ற எண்ணம் புதியதன்று. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல், பாரன் ஹில்டன் என்ற அமெரிக்க விடுதி முதலாளி நிலவில் விடுதி கட்டுவதைப்பற்றி விண்வெளி அறிஞர்கள் கூடிய அவையில் பேசினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற திரைப்படத்தில் விண்வெளி நிலையத்துக்குள்ளேயே அவருடைய விடுதியின் பெயர்ப்பலகை காட்டப்பட்டது. நிலவில் விடுதி எழவில்லை. ஆனால் மண்ணில் எழுந்த சில விடுதிகள் விண்கலத்தின் உருவை எடுத்துக்கொண்டன.

ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா 1972இல் டோக்கியோவில் நக்காகின் கூட்டுக் கோபுரத்தைக் கட்டினார். 140 சிறு கூடுகளைத் தூணில் பொருத்தியதுபோன்ற கட்டடம். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டச் சன்னல். 1979இல் ஒசாக்காவில் திறக்கப்பட்ட முதல் கூட்டு விடுதியும் அவர் வடிவமைத்ததே. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலர்களுக்கு அது குறைந்த செலவில் படுக்கை தந்தது. நக்காகின் கோபுரம் 2022இல் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கூடு உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் 48 கூடுகள் கொண்ட ஒரு விடுதி 2021 நவம்பரில் திறக்கப்பட்டது.

கூட்டுக்கு அடுத்த படி பொறிமனிதன். ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 2015இல் ‘ஹென் நா’ என்ற விடுதி திறக்கப்பட்டது. ‘விந்தையான விடுதி’ என்பது அப்பெயரின் பொருள். வரவேற்க நின்றது பொறியால் இயங்கும் டைனோசர்! அறைக்குள் பேசும் பொம்மை ஒன்று. பெட்டி தூக்கவும் பொறிகள். பொறிகளே பணிபுரியும் உலகின் முதல் விடுதி என்று கின்னஸ் நூல் அதனை ஏற்றது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விருந்தினர் ஒருவர் குறட்டை விட்டார். பொம்மை அதைக் கட்டளை என்று எண்ணி, ‘நீங்கள் சொன்னது விளங்கவில்லை’ என்று அவரை இரவு முழுவதும் எழுப்பிக்கொண்டே இருந்ததாம்! பெட்டி தூக்கும் பொறிகள் எல்லாக் கட்டடங்களுக்கும் போக இயலவில்லை. மழை வந்தால் நின்றுவிட்டன. அங்கே இருந்த 243 பொறிகளில் பாதிக்கு மேற்பட்டவை நீக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி 2019 தொடக்கத்தில் வெளிவந்தது. மனிதனின் வேலையைப் பொறி பறித்துவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். இங்கே பொறிக்கு வேலை போயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது அமெரிக்காவில் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 2022 மார்ச்சு 1ஆம் நாள் திறந்த விடுதி. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களின் உலகமே அங்கு உருவாக்கப்பட்டது. 100 அறைகள் கொண்ட அந்தக் கட்டடம் ‘ஹால்சியன்’ என்னும் விண்கலமாக வேடம் பூண்டது. வருகிறவர் எல்லாரும் ஒரே நாளில் ஏறி, இரண்டு இரவுகள் ‘பயணம்’ செய்து, ஒரே நாளில் இறங்க வேண்டும். அறையின் சன்னலில் தெரிவது புளோரிடாவின் வானம் அன்று. திரையில் ஓடும் விண்மீன்கள். கப்பலின் தலைவியாகவும் பகைவனாகவும் பாடகியாகவும் நடிகர்கள் நடமாடினார்கள். அவர்களோடு பேசி, கமுக்கச் செய்தி கடத்தி, எந்தப் பக்கம் சேருவது என்று விருந்தினரே முடிவு செய்தார்கள். பார்த்தவரே நாடகத்தில் நடித்தவரும் ஆனார். இருவருக்கு இரண்டு இரவுக்குக் கட்டணம் ஏறத்தாழ 4,800 டாலர். அன்றைய மதிப்பில் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல்! 2023 செப்டம்பர் இறுதியில் கடைசிப் பயணத்தோடு அது மூடப்பட்டது. விலையைப்பற்றிக் குறை கூறாதவர் அரியர். ஆனால் போய் வந்தவர்கள் பலர் எழுதியதைப் படித்தபோது ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. அவர்கள் வியந்து நினைத்தது திரைகளை அன்று. நடிகர்களையும் உடன் பயணம் செய்தவர்களையுமே.

இவ்வளவும் படித்துக்கொண்டு மும்பை சேர்ந்தேன். நான் தங்கியது ஒரு சிறிய தனியார் விடுதி. கூடும் விண்கல வேடமும் சேர்ந்தது. வாயிலில் ‘ஏறுதுறை’ என்று பலகை. சீட்டில் ‘பயணி, கூடு 17’ என்று அச்சிட்டிருந்தது. நடைவழியில் நீல ஒளி. எங்கிருந்தோ இயந்திரத்தின் மெல்லிய முழக்கம். கூட்டின் நீளம் ஏழு அடி, அகலம் நான்கு அடி இருக்கும். உட்காரலாம், நிற்க முடியாது. படுக்கை தூய்மையாக இருந்தது. கைக்கெட்டும் இடத்தில் விளக்கும் மின்செருகியும் கண்ணாடியும் இருந்தன. தலைமாட்டில் வட்டமான திரை. அதில் விண்மீன்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இரவு பத்து மணிக்குக் ‘கப்பல் தலைவர்’ ஒலிபெருக்கியில் இனிய உறக்கம் வேண்டினார்.

உள்ளதை உள்ளபடி சொன்னால், முதல் இரவு நான் மகிழ்ந்தேன். மல்லாந்து படுத்து விண்மீன்களைப் பார்த்தபோது எட்டு வயதுச் சிறுவனாகிவிட்டேன். வளையம் சூழ்ந்த கோள் ஒன்று மெல்ல மிதந்து வந்தது, மயிர் சிலிர்த்தது. சித்தப்பாவின் ஆசை தவறன்று என்று எண்ணினேன். சிறிது நேரத்தில் அதே கோள் மீண்டும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அது வந்துகொண்டிருந்தது. விண்வெளி முழுவதும் பன்னிரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது!

மறுநாள் வேறொன்றையும் கண்டேன். அந்தக் ‘கப்பலில்’ முப்பது பேராவது இருந்திருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பல் துலக்கும் இடத்திலும் காதுகளில் ஒலிக்கருவி. கூட்டின் திரையை இழுத்துவிட்டால் உலகம் இல்லை. அப்போதுதான் அப்பத்தா சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையில் ஓர் அறைக்கு ஒரு கைதி. ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படி ஏழு சிறகுகளையும் அமைத்தார்கள். ஒருவனோடு ஒருவன் பேசக் கூடாது என்பதே அதன் நோக்கம், அதுவே தண்டனை. அந்தத் துன்பத்தோடு இந்த வசதியை ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் பேச்சில்லாத வாழ்வு தண்டனை என்பதை அன்றைய கொடியவர்களும் அறிந்திருந்தார்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

இரண்டாம் இரவு பத்தரை மணி இருக்கும். என் கூட்டுக்கு வெளியே யாரோ தட்டுத் தடுமாறும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், தலையில் காந்தி குல்லாய், கையில் துணிப்பை. பெட்டகத்தைத் திறக்கும் அட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இறங்கிச் சென்று திறந்து கொடுத்தேன். மராட்டிய நாட்டுச் சிற்றூரிலிருந்து வந்தவர். மனைவி மருத்துவமனையில் இருந்தார். இரவில் உடனிருக்க இசைவு இல்லை. அருகில் குறைந்த வாடகைக்கு அகப்பட்டது இந்த இடம். விண்கலமும் வேடமும் அவர் தேடி வந்தவை அல்ல.

சுவரில் ஓடும் விண்மீன்களைச் சுட்டி, “தம்பி, இந்தக் கப்பல் எங்கே போகிறது?” என்று இந்தியில் கேட்டார்.

“எங்கும் போகவில்லை, ஐயா. காலையிலும் இங்கேயேதான் இருக்கும்” என்றேன்.

“நல்லது. நான் எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும்” என்றார்.

அவர் சாப்பிடவில்லை என்று அறிந்து வெளியே அழைத்துச் சென்றேன். தெருவோரக் கடையில் வடா பாவும் தேநீரும் வாங்கினோம். என் தீவு இந்தியும் அவருடைய மராட்டி கலந்த இந்தியும் எப்படியோ கைகோத்துக்கொண்டன. நெடுநேரம் தம் நிலத்தைப்பற்றியும், மனைவி நட்ட மாமரத்தைப்பற்றியும் பேசினார். அந்தமான் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கப்பலில் மூன்று நாள் என்றேன். “அது உண்மையான கப்பலா?” என்றார். இருவரும் சிரித்தோம். அன்று முழுவதும் அவர் அப்போதுதான் சிரித்திருப்பார் என்று தோன்றியது. காலையில் நான் எழுவதற்குள் அவர் போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த உண்மையான கப்பலையே நினைத்துக்கொண்டு வந்தேன். சென்னையிலிருந்து எங்கள் தீவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். 2013இல் நாங்கள் குடும்பத்தோடு எம்.வி. நான்கௌரி கப்பலில் சென்றோம். ‘பங்க்’ வகுப்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படுக்கைகள். யோசித்துப் பார்த்தால் அதுவும் கூட்டு விடுதியே! இடம் குறுகியது, எண்ணெய் நாற்றம் உண்டு, கழிப்பறைக்கு வரிசை உண்டு. ஆனால் முதல் நாள் மாலைக்குள் ஒருவர் புளிச்சோறு மற்றவர் தட்டில் இருந்தது. சீட்டாட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். தளத்தில் நின்றால் பறவை மீன்கள் நீரைக் கீறிக்கொண்டு பாய்வதைக் காணலாம். இரவில் விண்மீன்கள் நிறைந்த வானம். அதே காட்சி இரண்டு முறை வந்ததே இல்லை.

அப்பத்தா வந்தது 1978இல். திருவாடானைப் பக்கத்துச் சிற்றூரை விட்டு அதற்கு முன் வெளியே போகாதவர். தாத்தா முன்பே சாலை வேலைக்கு வந்திருந்தார். கைக்குழந்தையோடு தனியே கப்பல் ஏறிய பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டாம் நாள் தலைசுற்றல் வந்துவிட்டது, எழ முடியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த வங்காளிப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அப்பத்தாவின் வாயில் எலுமிச்சை பிழிந்தாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இன்று புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. நாங்கள் அவரை மாசி என்றே அழைக்கிறோம். அன்று அவர் தூக்கிய குழந்தை என் சித்தப்பா.

ஊர் திரும்பியதும் சித்தப்பாவிடம் ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். சன்னல் இல்லாத கூட்டுக்கு இரவும் பகலும் குளிர்பதனம் ஓட வேண்டும். எங்கள் தீவின் மின்சாரமோ பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலால் பிறப்பது. பன்னிரண்டு பேர் குளிக்க நீர் வேண்டும். தானிக்காரி அணையை நம்பிய எங்கள் ஊர்களில் கோடையில் நீர் முறைவைத்து வருவதை அவரே அறிவார். இவை பணக் கணக்கு. இன்னொரு கணக்கையும் சொன்னேன்: “கடலைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவனைப் பெட்டிக்குள் படுக்கவைத்துப் பன்னிரண்டு நிமிட வானத்தைக் காட்டப் போகிறோமா?”

சித்தப்பா எளிதில் விடவில்லை. “ஆண்டில் பாதி நாள் இங்கே மழை. இருட்டினால் வந்தவர்களுக்குப் பொழுது போவதில்லை. பிள்ளைகள் விந்தை கேட்கிறார்கள். விந்தையை விற்பது குற்றமா?” என்றார். குற்றம் இல்லை என்றுதான் நானும் சொன்னேன். புளோரிடாவில் அத்தனை பணம் கொடுத்தவர்கள் கண்ட விந்தை, ஒரு நடிகன் அவர்கள் பெயரைச் சொல்லி அழைத்ததும், முன்பின் அறியாத இருவர் ஒரே கதையில் கைகோத்ததும் அல்லவா? நாகசாகியில் பொறிகள் தர முடியாமற் போனதும் அதுவே. திரையையும் நீல விளக்கையும் யாரும் வாங்கி மாட்டலாம். வந்தவனோடு பேச ஆள் வேண்டும்.

அப்பத்தா நிமிர்ந்தார். “பேசத்தானே? நான் இருக்கிறேன், மாசி இருக்கிறாள்” என்றார்.

பல நாள் பேச்சுக்குப்பின் பன்னிரண்டு கூடுகள் இரண்டு அறைகளாயின. இரண்டிலும் பெரிய சன்னல்கள். வெளியே பாக்கு மரங்கள். முறைப்படி பதிவு செய்து, வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் இசைவும் பெற்றார் சித்தப்பா. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: ஓர் அறையின் கூரையில், இருட்டில் ஒளிரும் விண்மீன்களை ஒட்டியே தீருவேன் என்று. ஒட்டினார், நன்றாகவே இருக்கிறது. முன்பே வாங்கிவிட்ட ஆறு நீல விளக்குகளில் ஒன்று முற்றத்தில் எரிகிறது. பூச்சிகள் அதனைச் சுற்றி விண்வெளிப் பயணம் செய்கின்றன.

சென்ற டிசம்பரில் கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்து நான்கு நாள் தங்கியது. மூன்றாம் நாள் மாலை நல்ல மழை. வெளியே செல்ல இயலவில்லை. அப்பத்தாவும் மாசியும் திண்ணையில் அமர்ந்து 1978ஆம் ஆண்டுக் கப்பலைப்பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழிலும் மற்றவர் தீவு இந்தியிலும் ஒரே கதையை மாறி மாறிச் சொல்ல, அந்த வீட்டுச் சிறுமி, “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாடகையில் வந்தது, அம்மாத மின்கட்டணத்துக்கும் வண்ணப்பூச்சுக் கடனின் ஒரு பகுதிக்கும் போதியது. சித்தப்பா அடுத்த ஆண்டு மூன்றாவது அறை கட்டலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.